பழைய ஜப்பான் வண்டிக்கு ஏன் இந்த மவுசு?

தைப்பூசக் காவடி நாளில் கோயிலைச் சுற்றி வண்டி நிறுத்த இடம் தேடி அலைவது டர்பனில் எங்களுக்குப் பழகிப்போன சங்கதி. சென்ற ஆண்டு அப்படி அலைந்துகொண்டிருந்தபோது, தெருவோர மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் கூட்டமாக நிற்பதைக் கண்டேன். காவடி எடுத்தவர் யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று பதறி ஓடினேன். கூட்டத்தின் நடுவில் நின்றது ஒரு வண்டி. மஞ்சள் நிற டட்சன் 1200 பக்கி. பின்பக்கம் திறந்த சிறிய சரக்கு வண்டியைத் தென்னாப்பிரிக்காவில் நாங்கள் பக்கி என்றுதான் அழைப்போம்.

"அண்ணா, கொடுப்பீர்களா?" என்று ஓர் இளைஞன் உரிமையாளரைக் கேட்டான். கேட்டதோடு நிற்காமல் ஒரு தொகையையும் சொன்னான். ஓரளவு புதிய காரே வாங்கிவிடக்கூடிய தொகை அது. உரிமையாளர் சிரித்தார். "இந்த வாரத்தில் நீ மூன்றாவது ஆள், தம்பி. சாமி கும்பிட்டுவிட்டுப் போ" என்றார்.

என் பெரியப்பாவிடம் இதே வண்டி இருந்தது. இதே மஞ்சள். சாட்ஸ்வொர்த் வீட்டிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குக் கீரைக்கட்டும் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் ஏற்றிக்கொண்டு வாரிக் சந்திப்பின் காலைச் சந்தைக்குப் போகும். பிற்பகலில் எங்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்குப் போகும். பெரியப்பா காலமான பிறகு மூன்று ஆண்டுகள் கொல்லையில் நின்றது. ஒருநாள் பழைய இரும்பு வாங்குபவர் வந்தார், இழுத்துக்கொண்டு போனார். அவர் கொடுத்த பணத்தில் ஒரு வாரத்து மளிகைகூட முழுதாக வரவில்லை. அப்போது எங்களில் ஒருவருக்கும் அது தவறாகப் படவில்லை.

அந்த மரத்தடிக் காட்சியை வீட்டில் சொன்னபோது தங்கை மகன் கேட்டான்: "மாமா, ஏர் கண்டிஷன் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை. அதற்குப் போய் யாராவது இவ்வளவு கொடுப்பார்களா?" நியாயமான கேள்வி. காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரியும்படி அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

விலை விழும் பள்ளம்

புதுக் கார் கடை வாசலைத் தாண்டிய கணமே அதன் விலை இறங்கத் தொடங்குகிறது. இதைத் தேய்மானம் என்கிறோம். முதல் சில ஆண்டுகளில் வேகமாக இறங்கும், பிறகு மெதுவாக இறங்கும். பெரும்பாலான வண்டிகளுக்கு இந்த இறக்கம் இரும்புக் கடையில் முடிந்துவிடுகிறது. சில வண்டிகளுக்கு மட்டும் இறக்கம் ஓரிடத்தில் நின்று, விலை பல ஆண்டுகள் அடித்தளத்திலேயே கிடந்து, பிறகு ஏறத் தொடங்குகிறது. தாளில் வரைந்தால் ஒரு பள்ளம் போலத் தெரியும்.

எல்லோரும் இந்தப் பள்ளத்தின் வலப்பக்க ஏற்றத்தையே பார்க்கிறார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது அடித்தளத்தை. அங்கேதான் வண்டிகள் அழிகின்றன. வண்டியின் விலை ஐயாயிரம் ராண்ட், கிளட்ச் மாற்ற ஆறாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் மாற்றுவார்கள்? வண்டி மூலையில் நிறுத்தப்படும். ஒருவர் பேட்டரியைக் கழற்றுவார், இன்னொருவர் சக்கரத்தைக் கேட்பார், மழை தன் வேலையைப் பார்க்கும். ஆயிரக்கணக்கில் ஓடிய ஒரு மாடல் இப்படித்தான், சத்தமே இல்லாமல், தெருவிலிருந்து மறைகிறது. பிறகு ஒருநாள் யாரோ ஒருவருக்கு அது வேண்டும் என்று தோன்றுகிறது. தேடினால் இல்லை. அடித்தளத்தில் எத்தனை வண்டி அழிந்தது என்பதே பின்னால் எவ்வளவு விலை ஏறும் என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது.

ஜப்பான் வண்டிகள் அதிகமாக அழிந்ததற்குக் காரணம் அவற்றின் நல்ல குணம்தான். விலை குறைவு, பெட்ரோல் குறைவு, எளிதில் பழுதாகாது. அதனால் அவற்றை யாரும் பொத்திப் பாதுகாக்கவில்லை, உழைக்க வைத்தார்கள். பளபளக்கும் ஆங்கிலேய, இத்தாலியக் கார்களை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்துத் துடைத்து வைத்தவர்கள் உண்டு. டட்சனைத் துடைத்து வைத்தவர் யார்? கீரைக்கட்டு ஏற்றுவதற்குத்தான் அதை வாங்கினோம். தேய்ந்து தீரும்வரை ஓட்டினோம்.

ஜப்பானிலேயே பழைய வண்டி வைத்திருப்பது செலவான காரியம். அங்கே 'ஷாக்கென்' என்றொரு கட்டாயப் பரிசோதனை உண்டு. புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் செய்தாக வேண்டும், செலவு அதிகம். 13 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் காருக்கு வரியும் கூடுகிறது. இத்தனை பாரத்தைச் சுமப்பதைவிட விற்றுவிடுவதே மேல் என்று பலர் முடிவெடுக்கிறார்கள். அப்படிக் கைவிடப்பட்டவை கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் நியூசிலாந்துக்கும் இன்னும் பல நாடுகளுக்கும் போயின. மிச்சம் உருக்காலைக்குப் போயிற்று.

இன்னொரு சேதி. நிஸ்ஸான் நிறுவனம் தன் வண்டிகளுக்கு வைத்திருந்த டட்சன் என்ற பெயருக்கே இழப்போடு ஓர் உறவு உண்டு. முதலீடு செய்த மூவரின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'டாட்' என்று ஒரு கார் 1914இல் வந்தது. பின்னால் வந்த சிறிய காருக்கு 'டாட்டின் மகன்' என்ற பொருளில் 'டாட்சன்' என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் 'சன்' என்ற ஒலி நஷ்டத்தைக் குறிக்கும் என்பதால், ஆங்கிலத்தில் சூரியனைக் குறிக்கும் எழுத்துக்கூட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். நஷ்டம் வேண்டாம் என்று பெயரையே மாற்றிக்கொண்ட வண்டியைத்தான் நாங்கள் இரும்பு விலைக்குக் கொடுத்தோம்.

உச்சியில் இருப்பவை

ஏற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சில எண்கள். டொயோட்டா 2000ஜிடி என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1967 முதல் 1970 வரை உற்பத்தியானது. மொத்தம் 351 மட்டுமே. 2013இல் ஒன்று ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. ஜப்பான் காருக்கு இத்தனை விலையா என்று சேகரிப்பாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வரிசையில் 1973இல் வந்த மாடலில் 197 வண்டிகளே செய்யப்பட்டன. அதற்கு முந்தைய, 1969இல் தொடங்கிய ஜிடி-ஆருக்கு ஜப்பானியர்கள் வைத்த செல்லப்பெயர் 'ஹாக்கோசுக்கா'. 'ஹாக்கோ' என்றால் பெட்டி. மூலை மூலையாகப் பெட்டி போல இருக்கும் வண்டி அது.

இவை அரிய வண்டிகள். விலை ஏறியதில் வியப்பில்லை. டட்சன் 240இஸட் காரின் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது ஆயிரக்கணக்கில் விற்ற வண்டி. 1970இல் அமெரிக்காவில் அதன் விலை 3,526 டாலர். 2020 ஜனவரியில், கைபடாமல் பாதுகாக்கப்பட்ட ஒரு 240இஸட் இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. நிறையச் செய்த வண்டியானாலும், பிறந்த மேனி குலையாமல் மிஞ்சியது ஒன்றிரண்டுதான் என்றால் அந்த ஒன்றிரண்டின் விலை வானத்தைத் தொடும்.

அமெரிக்காவின் சட்டம் ஒன்றும் உலகச் சந்தையை ஆட்டிவைக்கிறது. அங்கே விற்பனைக்கு வராத வெளிநாட்டுக் காரை எளிதில் கொண்டுபோக முடியாது. 25 ஆண்டு நிறைந்துவிட்டால் அந்தத் தடை விலகும். 1989இல் வந்த ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆருக்கு 2014இல் கதவு திறந்தது. 1999இல் வந்த ஆர்34க்கு 2024இல். கதவு திறக்கும் ஆண்டை எதிர்பார்த்து வாங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கப் பணம் உள்ளே நுழைந்ததும் எல்லா நாட்டிலும் விலை நகர்கிறது.

வாங்குபவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். பதினெட்டு வயதில் பக்கத்து வீட்டு வாசலில் பார்த்து ஏங்கிய வண்டியை, கடன்களை அடைத்து, பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு வாங்குகிறார்கள். 1990களில் வீடியோ கேம் திரையில் ஸ்கைலைனையும் டொயோட்டா சூப்ராவையும் ஓட்டிய சிறுவர்கள் இன்று அந்த வயதை எட்டிவிட்டார்கள். எங்கள் அப்பாக்களின் தலைமுறைக்கு வீடியோ கேம் கிடையாது. அவர்களுக்குக் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலி என்ற நெடுந்தூரக் கார்ப் பந்தயம் இருந்தது. 1970, 1971, 1973 ஆகிய ஆண்டுகளில் டட்சன் அதை வென்றது. 1973இல் 240இஸட்டை ஓட்டி வென்ற ஷேகர் மேத்தா உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். 1974, 1976 ஆண்டுகளில் மிட்சுபிஷி லான்சரில் வென்ற ஜோகிந்தர் சிங் கென்யாவின் சீக்கியர். சேற்றிலும் புழுதியிலும் ஐரோப்பியக் கார்களை முந்திய வண்டிகளின் சக்கரத்தைப் பிடித்திருந்தவர்கள் நம்மைப் போன்ற முகம் கொண்டவர்கள். இந்தப் பெருமையை என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் ஊர்க் கதை வேறு

முதன்மையாக ஜப்பானில் விற்பதற்காகச் செய்யப்பட்ட ஸ்கைலைன் ஜிடி-ஆர் போன்றவை தென்னாப்பிரிக்கத் தெருக்களில் மிகக் குறைவு. பயன்படுத்திய காரை இந்த நாட்டுக்குள் இறக்குமதி செய்ய அரசு அனுமதி வேண்டும்; அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து குடியேற வருபவர் போன்ற சிலருக்கு விதிவிலக்கு உண்டு. 40 ஆண்டைக் கடந்த பழங்காலக் காருக்கும் அனுமதி கேட்கலாம். உள்நாட்டுக் கார்த் தொழிலைக் காப்பதற்காக வைத்த தடை இது. டர்பன்காரர்களுக்கு இதில் ஒரு மனவேதனை உண்டு. ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்கள் எங்கள் துறைமுகத்தில்தான் இறங்குகின்றன. இறங்கி, ஜிம்பாப்வேக்கும் சாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் போய்விடுகின்றன. கண்ணால் பார்க்கலாம், வாங்கி நம் பெயரில் பதிய முடியாது.

ஆகவே இங்கே மதிப்பு ஏறுவது இங்கேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய வண்டிகளுக்கு. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1961இல் ஆல்பர்ட் வெசல்ஸ் என்ற தொழிலதிபர் டொயோட்டாவின் பத்து டொயோபெட் ஸ்டவுட் பக்கிகளை இறக்குமதி செய்ய உரிமம் பெற்றார். அடுத்த ஆண்டே டர்பனில் பூட்டத் தொடங்கினார்கள். பின்னர் தெற்கே பிராஸ்பெக்டனில் பெரிய ஆலை எழுந்தது. 1975இல் கொரோலா அங்கே உருவாகத் தொடங்கியது. டட்சன் பிரிட்டோரியாவுக்கு அருகே ராஸ்லினில் உருவானது. நிறவெறி ஆட்சி நடந்ததால் ஜப்பான் அரசு தன் நிறுவனங்கள் இங்கே நேரடியாக முதலீடு செய்வதை அனுமதிக்கவில்லை. பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும். உள்ளூர் முதலாளிகளின் ஆலைகள் பூட்டும். வண்டியின் எடையில் இத்தனை பங்கு உள்நாட்டுப் பாகமாக இருக்க வேண்டும் என்று அரசு வேறு விதித்திருந்தது. இதனால் வேறெங்கும் காண முடியாத கலவைகள் இங்கே பிறந்தன. ஹோண்டா பல்லாட் காரை ஈஸ்ட் லண்டனில் மெர்சிடிஸ் பென்ஸ் ஆலையில் செய்தார்கள் என்றால் வெளிநாட்டவர் நம்ப மறுக்கிறார்கள். 1982இல் தொடங்கி 2000 வரை செய்தார்கள்.

1973 எண்ணெய் நெருக்கடியின்போது இங்கே வேக வரம்பைக் குறைத்தார்கள். வார இறுதியில் பெட்ரோல் நிலையங்களை மூடினார்கள். ஒரு டாங்க் பெட்ரோலில் நெடுந்தூரம் போகும் சின்ன ஜப்பான் வண்டியின் அருமை அப்போது எல்லோருக்கும் விளங்கியது. இன வாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தால் நகரத்துக்கு வெளியே சாட்ஸ்வொர்த்திலும் பின்னாளில் பீனிக்ஸிலும் குடியமர்த்தப்பட்ட நம்மவர்களுக்கு வேலைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் தூரம் கூடிவிட்டிருந்தது. அரை டன் பக்கி ஒன்று வாசலில் நின்றால் அந்தக் குடும்பம் தன் காலில் நிற்கிறது என்று அர்த்தம்.

1971இல் வந்த டட்சன் 1200 பக்கியே, எஞ்சின் பெருத்து, முகம் சற்று மாறி, நிஸ்ஸான் 1400 ஆகி, 2008 வரை ராஸ்லினிலிருந்து வந்துகொண்டிருந்தது. உலகின் பிற இடங்களில் எப்போதோ நின்றுபோன உருவம் இங்கே 37 ஆண்டுகள் வாழ்ந்தது. அதனால் உதிரிப் பாகம் இன்றும் கிடைக்கிறது. அதனாலேயே பழைய 1200 பலவற்றில் பிற்கால 1400 எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று, நம் இளைஞர்கள் உயிரை விடும் 'ட்வின்கேம்'. 1980களின் பிற்பகுதியில் இங்கே வந்த டொயோட்டா கொரோலா, கான்குவெஸ்ட் வண்டிகள் சிலவற்றில் 4ஏ-ஜிஇ என்ற எஞ்சின் இருந்தது: 1,587 சிசி, இரட்டை கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), 16 வால்வு. மலைப்பாதையில் சறுக்கி ஓட்டுவதற்குப் பெயர் பெற்று உலகமே தேடும் ஏஇ86 கொரோலாவில் இருப்பதும் இதே எஞ்சின் குடும்பம்தான். அந்தக் கார் பின்சக்கரத்தால் ஓடும், நம்முடையது முன்சக்கரத்தால் ஓடும் என்பது வேறுபாடு. பானெட்டைத் திறந்தால் இரண்டும் உடன்பிறப்புகள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழக மாணவர்கள் கைமாற்றிக்கொண்ட இந்த வண்டியில், வெட்டாமல் ஒட்டாமல் மிஞ்சியதைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்று பெரும்பாடு.

எது விலை பெறும்?

பழையது என்ற ஒரே தகுதியால் எதற்கும் விலை வராது. ஒரே ஆண்டின் ஒரே மாடல் இரண்டு நின்றால், ஒன்று மற்றதைவிட நான்கு மடங்கு விலை போகலாம். மூன்று காரணங்கள்: துரு, தாள், பிறந்த மேனி. மூன்றில் துருவைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன், ஏனென்றால் நாம் கடலோரம் வாழ்கிறோம்.

டர்பனின் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில், உலர்ந்த காற்றில் இருக்கிறது. அங்கே வாழ்ந்த வண்டியை, அந்தத் தங்கச் சுரங்க வட்டாரத்தின் பெயரால், 'ரீஃப் வண்டி' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள், கொடுக்கவும் செய்கிறார்கள். நியாயம்தான். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் வைக்கலாம், பிரேக் போனால் ஒரு நாளில் மாற்றலாம். துரு பிடித்த உடலைச் சரிசெய்ய, தகட்டை வெட்டி, புதிதாக வளைத்து, வெல்டிங் செய்து, தேய்த்து, பெயின்ட் அடிக்க மாதக்கணக்கில் ஆகும். பழைய வண்டியைப் புதுப்பிக்கும் செலவில் பெரும்பங்கு உடலுக்கே போகிறது.

பார்க்கப் போகும்போது ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, கதவின் அடி, முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு, பேட்டரி உட்காரும் தட்டு, பக்கியாக இருந்தால் சரக்குத் தட்டின் இணைப்புகள். இங்கெல்லாம் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் வழுக்கினால் பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது இரும்பு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. உள்ளே கால்மிதியைத் தூக்கித் தரையைக் கையால் அழுத்துங்கள். பெயின்ட் எவ்வளவு பளபளக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். அரைகுறையாக மங்கிப்போன அசல் பெயின்ட்டையே நான் விரும்புவேன், அது எதையும் மறைக்காது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பிராஸ்பெக்டன் ஆலையே மூழ்கி உற்பத்தி நின்றுபோனது நினைவிருக்கும். அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகள் ஏராளம். இருக்கை அடியில் காய்ந்த சேறு, விளக்குக் கண்ணாடிக்குள் நீர்க்கோடு தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

தாள் விஷயத்தில் இளைஞர்கள் காட்டும் அலட்சியம் எனக்குக் கவலை தருகிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸி (அடிச்சட்ட) எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். 1200 வண்டியில் 1400 எஞ்சின் இருக்கலாம், குற்றமில்லை. ஆனால் அந்த மாற்றத்துக்குக் காவல்துறையின் அனுமதிச் சான்று பெற்றுப் பதிவில் ஏற்றியிருக்க வேண்டும். எண்ணைச் சுரண்டியிருந்தால் வண்டியைக் காவல்துறை எடுத்துக்கொண்டு போகலாம். நீங்கள் கொடுத்த பணம் கொடுத்ததுதான். சான்றிதழில் வண்டியின் நிலைக்கு ஒரு குறியீடும் இருக்கும். 2 என்றால் பயன்படுத்தியது, 3 என்றால் மறுபடி கட்டியெழுப்பியது, 4 என்றால் நிரந்தரமாக அழிக்கப்பட்டது. 4 என்று பதிவான வண்டி கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் சாலைக்குத் திரும்பாது. ஆண்டு உரிமக் கட்டணம் கட்டாமல் கிடந்தால் பாக்கியும் அபராதமும் ஏறிக்கொண்டே போகும். வாங்கும் முன் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறந்த மேனி என்றால் ஆலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படி. அகலச் சக்கரமும் தாழ்த்திய ஸ்பிரிங்கும் காது கிழியும் சைலன்சரும் நம் தெருக்களின் பழைய மோகம். ஓட்டி மகிழ நினைப்பவர் மாற்றிக்கொள்ளட்டும். கழற்றிய அசல் பாகத்தை மட்டும் எறிந்துவிடக் கூடாது. எஞ்சின் பாகம் எங்கேனும் கிடைக்கும். கதவுக் கைப்பிடி, முன்கிரில், டாஷ்போர்ட், பின்விளக்குக் கண்ணாடி, பெயர்ப் பலகை ஆகியவைதான் கிடைக்காது. தயாரிப்பாளர்களே இப்போது இதை உணர்ந்திருக்கிறார்கள். நிஸ்ஸான் 2017இல் ஆர்32 ஜிடி-ஆருக்கும், டொயோட்டா 2020இல் பழைய சூப்ராக்களுக்கும், பிறகு ஏஇ86க்கும், நிறுத்திய பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கின. நம் பக்கிக்கு அந்தப் பாக்கியம் வரவில்லை. ஆகவே கொல்லையில் கிடக்கும் உடைந்த 1400இன் பின்விளக்குகூட ஒரு சொத்துதான்.

முதலீடாக வாங்கலாமா?

பலர் என்னிடம் கேட்பது இது. என் பதில்: வேண்டாம். விலை ஏறிய வண்டிகளின் கதை மட்டுமே காதில் விழுகிறது. கொட்டகை வாடகை, காப்பீடு, பெயின்ட், கிடைக்காத பாகத்துக்காக அலைந்த நாட்கள் எல்லாவற்றையும் கூட்டினால் லாபம் கையில் நிற்பது அபூர்வம். இன்று வாங்க ஏங்கும் தலைமுறைக்கு வயதாகிவிட்டால் அடுத்த தலைமுறை வேறொன்றைத் தேடும். அதன் வாசனை பிடித்தவர், கார்புரேட்டரின் குரல் பிடித்தவர் வாங்கலாம். வாங்கினால் சாதாரணக் காப்பீடு எடுக்காதீர்கள். பழையது என்று அடிமாட்டு விலையை ஈடாகக் கொடுப்பார்கள். வண்டியின் மதிப்பை முன்னதாகவே இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொள்ளும் காப்பீடு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்க வழியில்லாமல், தாத்தாவின் வண்டி ஏற்கெனவே கொல்லையில் நிற்கிறது என்றால் உங்களுக்குத்தான் இந்தக் கட்டுரையை முதன்மையாக எழுதினேன். இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு சனிக்கிழமையை அதற்குக் கொடுங்கள். முதலில் பதிவுத் தாளைத் தேடுங்கள். பீரோவில் இல்லாவிட்டால் பிஸ்கட் டப்பாவில் இருக்கும், எங்கள் வீட்டில் அங்கேதான் இருந்தது. பேட்டரியைக் கழற்றி விடுங்கள், அமிலம் ஒழுகித் தட்டை அரிக்கும். நாறிப்போன பெட்ரோலை வடித்துவிடுங்கள். டயர் மண்ணில் புதையாதபடி, சேஸிக்கு அடியில் கெட்டியான மரக்கட்டைகள் கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள். பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே ஈரம் தங்கி ஒரே மழைக்காலத்தில் தகட்டைத் தின்றுவிடும். தகரக் கூரையின் கீழ் காற்றாட நிற்பதே நல்லது. கதவுகளின் அடியில் மழைநீர் வடியச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். நாற்பது ஆண்டுத் தூசும் இலைச் சருகும் அவற்றை அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.